கிளிட்டஸ் விட்ட இரண்டு அடிகள்

நாங்கள் போட்டியிலிருந்து விலகவில்லை. 2006 பிப்ரவரியில் அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஸ்காட்லாந்து விளையாட்டு விழாவின் அச்சிட்ட முடிவுத்தாளில் ‘ரூவி குழு: விலகியது’ என்று இருக்கிறது. அந்தத் தாளும், நுழைவுக் கட்டண ரசீதும், சட்டையில் குத்திக்கொள்ளத் தந்த அட்டைகள் நான்கும் என்னிடம் உள்ளன. பாதி வாசிப்பில் எங்களை நிறுத்தினார்கள் என்பதே உண்மை. அதற்குப் பிறகு அன்று மாலை நடந்ததை எந்தத் தாளும் சொல்லவில்லை. ஆகவே அந்தக் குழுவை உண்டாக்கிய கிளிட்டஸைப் பற்றி நான் எழுதுகிறேன்.

கிளிட்டஸ் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான முட்டத்தைச் சேர்ந்தவர். மஸ்கட்டின் கடைத்தெருவான ரூவியில், ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் ஏ.சி. டெக்னீஷியனாக இருந்தார். 2001ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் பழுது பார்க்க ஏணியில் ஏறியவர், சுவரில் ஹாக்கி மட்டைகளுக்கு நடுவே ஒரு பேக்பைப் தொங்குவதைக் கண்டார். மட்டைகளும் அதுவும் பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து ஒரே பெட்டியில் வந்தவை. வேலை முடிந்ததும் அதை இறக்கித் தரச் சொல்லி ஊதினார். ஒலி வரவில்லை, காற்று மட்டும் சீறியது. கடைக்காரர் சிரித்தார். கிளிட்டஸ் அடுத்த மாதச் சம்பளத்தில் அதை வாங்கிவிட்டார். கூடவே கடைக்காரர் ஒரு ஒலிநாடாவைக் கொடுத்தார். பாட்டுகளின் பெயர் எதுவும் உறையில் இல்லை.

நாகஸ்வரத்துக்கு ஒருவர் பக்கத்தில் நின்று ஒத்து ஊதுவதை நாம் அறிவோம். பேக்பைப்பில் அந்த வேலையைத் தோளில் சாயும் மூன்று குழாய்கள் செய்கின்றன. வாயால் ஊதும் காற்று அக்குளில் இடுக்கிய பையில் நிரம்பும்; முழங்கை அதை அழுத்தும்; விரல்கள் கீழே உள்ள குழலில் பாட்டை வாசிக்கும். அழுத்தம் சற்று ஏறினாலும் இறங்கினாலும் சுருதி தள்ளாடும். இதைப் புத்தகம் எதுவும் கிளிட்டஸுக்குச் சொல்லித் தரவில்லை. கேஸ் அழுத்தத்தைப் பார்த்தே பிழைக்கும் மனிதர் அவர். ஏ.சி.யின் தண்ணீர் வடியும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை வளைத்து அறைச் சுவரில் ஒட்டினார். அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைப் பையோடு பொருத்தினார். ஊதும்போது தண்ணீர் மட்டம் அசையாமல் நிற்க வேண்டும் என்பதே அவருடைய முதல் பாடம்.

அவருடைய அறை எங்கள் வீட்டுக்கு நேர் கீழே இருந்தது. நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். வேலை முடிந்து வந்தால் அமைதி வேண்டும். ஒரு மாலை புகார் சொல்லக் கீழே இறங்கினேன். கதவைத் திறந்தவர் அவருடைய அறைத்தோழர் பிரைட்.

“வாங்க சாரே. நீங்களாவது சொல்லுங்க. லேய் கிளிட்டஸ், அந்த ஆட்ட ஒண்ணு அறுத்து முடி, இல்லேன்னா அவுத்து விடு. ரெண்டுங்கெட்டானா கத்த வைக்காத.”

கிளிட்டஸ் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார். “மேல வரைக்கும் கேக்குதா சாரே?”

“நன்றாகவே கேட்கிறது.”

“அப்ப பிரஷர் சரிதான்” என்றார். பிறகு சுவரில் இருந்த தண்ணீர் மட்டத்தைக் காட்டி, “ஒரு தடவ ஊதிப் பாக்கியளா?” என்று கேட்டார்.

பார்த்தேன். தண்ணீர் குதித்துத் தரையில் சிந்தியது. மட்டத்தை நிறுத்தாமல் வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. சில வாரங்களில் நானும் சியால்கோட்டிலிருந்து ஒன்றை வரவழைத்தேன்.

“கம்ப்ளெய்ன்ட் பண்ணப் போனீங்க. இப்ப ரெண்டு ஆடு” என்றாள் என் மனைவி தாமரை. அவள் திருச்சிக் கல்லூரியில் என்.சி.சி. பேண்டில் பக்க மேளம் அடித்தவள். எங்கள் தாளத்தைப் பொறுக்க முடியாமல், ஒரு நாள் இட்லிப் பானை மூடியில் அடித்துக் காட்டினாள். மறுவாரம் அவளுக்கும் ஒரு மேளம் வந்தது.

கட்டடத்தில் இனி வாசிக்க முடியாது என்று காவலாளி சொன்ன பிறகு, வெள்ளிக்கிழமை காலைகளில் ரூவிக்கு வெளியே மலைகளுக்கிடையே கிடக்கும் வறண்ட ஓடைப் படுகைக்குப் போனோம். எங்களை அங்கே கொண்டுபோய் விட்ட டாக்சிக்காரர்தான் நான்காமவர். ஹமூத் ஓமானியர், ராணுவத்தின் பைப் பேண்டில் வாசித்து ஓய்வு பெற்றவர். எங்களோடு அவர் பேசியது ரூவியின் இந்தி. இங்கே தமிழில் தருகிறேன். முதல் நாள் எங்களை இறக்கிவிட்டு அவர் போகவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்து கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை தன் பைப்பைக் கொண்டுவந்தார். வாடகை வாங்க மறுத்தார்.

முகம் உள்நோக்க வட்டமாக நிற்போம். முதலில் மூவருடைய ஒத்துக்குழாய்களும் ஒன்றோடொன்று உரசி அதிரும். குழாயை மயிரிழை ஏற்றி, மயிரிழை இறக்கி, சுருதி சேரச் சேர அதிர்வு மெதுவாகும், பிறகு நின்றுவிடும். அப்போது ஒன்பது குழாய்களும் ஒரே குரல். மலைச்சுவர் அதை வாங்கித் திருப்பித் தரும். தாமரையின் மேளம் அதன்மேல் நடக்கத் தொடங்கும். வாரம் முழுவதும் யாரோ ஒருவருக்கு வேலை செய்துவிட்டு, அந்த ஒரு காலையில் எங்களுக்காகவே மூச்சு விட்டோம் என்று சொன்னால் மிகையல்ல. ஒலிநாடாவில் பெயர் இல்லாததால் பாட்டுகளை ‘ஏ பக்கம் நாலு’, ‘பி பக்கம் மூணு’ என்றே அழைத்தோம். பி பக்கம் மூன்று ஒரு நடைப்பாட்டு. எங்கள் நால்வருக்கும் அதுவே பிடித்தது.

அல் ஐன் விழாவைப் பற்றிச் சொன்னவர் ஹமூத். அதன் முடிவில், வந்திருக்கும் எல்லாக் குழுக்களும் ஒரே அணியாகச் சேர்ந்து மைதானத்தைச் சுற்றி வாசித்தபடி நடக்கும் வழக்கம் உண்டு.

“எத்தன பைப்பு இருக்கும்?” என்று கிளிட்டஸ் கேட்டார்.

“நாற்பது. ஐம்பதுகூட இருக்கும், பாய்.”

கிளிட்டஸின் ஒப்பந்தம் விழாவுக்கு அடுத்த மாதம், மார்ச்சில் முடிகிறது. நிறுவனம் புதுப்பிக்காது என்று சொல்லிவிட்டது. “ஊருக்குப் போறதுக்கு முன்ன அதுக்குள்ள ஒருக்கா நடக்கணும் சாரே. பரிசு வேண்டாம். அதுக்குள்ள நடந்தாப் போதும்” என்றார்.

அணிவகுப்பில் நடக்க வேண்டுமானால், சிறு குழுப் போட்டியில் பெயர் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தோம். ரூவியில் பள்ளிச் சீருடைக்கு விற்கும் கட்டம் போட்ட துணியில் தையற்காரரிடம் பைப் வாசிப்பவர்கள் அணியும் முழங்கால் பாவாடையான கில்ட் தைத்தோம். “மூணு எல்.கே.ஜி. பிள்ளைங்க, மீசையோட” என்றாள் தாமரை. ஹமூதின் டாக்சியில் நால்வரும் விடியற்காலையில் புறப்பட்டு, புரைமி வழியாக எல்லை கடந்து, பத்து மணிக்கு மைதானத்தில் இருந்தோம்.

எங்கள் முறை வந்தது. பி பக்கம் மூன்றைத் தொடங்கினோம். முதல் பகுதியில் நடுவர்கள் தாளத்தோடு தலையை ஆட்டினார்கள். இரண்டாம் பகுதி முடிந்து மீண்டும் முதல் பகுதிக்கு வந்தபோது ஒருவர் கையை உயர்த்தினார். நிறுத்தினோம். விழாக் குழுவின் செயலாளர் எங்களிடம் வந்தார். அவரும் பைப் வாசிப்பவர், துபாயில் பொறியாளர்.

“இரண்டாம் பகுதியில் எட்டுத் தாள அடிகள் வர வேண்டும். நீங்கள் ஆறுதான் வாசிக்கிறீர்கள்” என்றார். “இன்று மாலை அணிவகுப்பிலும் இதே பாட்டுதான். நடுவில் நீங்கள் மட்டும் முந்திக்கொண்டு போனால் மொத்த அணியும் குலையும். மன்னிக்கவும், அணிவகுப்பில் உங்களைச் சேர்க்க முடியாது.”

விதித்தாளில் அப்படியொரு விதி கிடையாது. அதை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், பேரீச்ச மரங்களின் நிழலில் உட்கார்ந்தோம்.

“ரெண்டு அடி எங்க போச்சு?” என்றாள் தாமரை.

ஹமூத் தாடியைத் தடவினார். “ரெண்டாம் பகுதியில அஞ்சாவதும் ஆறாவதும். எனக்குத் தெரியும்.”

“தெரியுமா? எப்பலேருந்து?”

“முதல் வெள்ளிக்கிழமையிலேருந்து.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க மூணு பேரும் ஒண்ணுபோல வாசிச்சீங்க. நான் தனி ஆள். ராணுவத்துல ஒரு மாதிரி, உங்க மதராஸ்ல ஒரு மாதிரின்னு நெனச்சேன். விருந்துக்கு வந்தவன் குழம்புல உப்பு இல்லன்னு சொல்லுவானா?”

இரண்டு ஆண்டுகளாக எங்கள் பொருட்டு அவர் தவறாக வாசித்திருக்கிறார். கிளிட்டஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

“சாரே, அது நான் செஞ்ச வேல. மொதல் வருசம் பிளேயர்ல டேப் சிக்கிச்சு. கசங்குன துண்ட வெட்டி எறிஞ்சிட்டு செலோடேப் வச்சு ஒட்டுனேன். அந்தப் பகுதி டேப்புல ஒருக்காதான் வரும், கேக்கும்போது ஒண்ணும் தெரியல. அந்த ரெண்டு அடியும் ரூவி குப்பத் தொட்டியில கெடக்கு.”

தாமரையும் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து, விதி எண்களைக் குறிப்பிட்டு மறுப்புக் கடிதம் எழுதத் தொடங்கினேன்.

“சாரே, கடுதாசி பொறவு எழுதுங்க” என்றார் கிளிட்டஸ். “அணிவகுப்பு சாயங்காலம். இப்ப எந்திரிங்க.”

ஹமூத் அந்த இரண்டு அடிகளை வாசித்துக் காட்டினார். கடினமானவை அல்ல. கடினமானது எங்கள் விரல்களை நம்பவைப்பது. நான்காம் அடி முடிந்ததும் அவை தாமாகவே ஏழாவதற்குத் தாவின. கிளிட்டஸ் பைப்புகளைக் கீழே வைக்கச் சொன்னார். எங்கள் காலணிகள், தண்ணீர் பாட்டில்கள், என் கண்ணாடிக் கூடு என்று எட்டுப் பொருள்களை மண்ணில் வரிசையாக வைத்தார். ஓர் அடி முடிவதற்குள் இரண்டு முறை கால் எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடி. ஐந்தாவதும் ஆறாவதும் அவருடைய சிவப்புக் காலுறைகள்.

“காலுறைய மிதிக்காம தாண்டுனா தப்பு. வாயால பாடிக்கிட்டே நடங்க. யல்லா, கெளம்புங்க.”

பாடிக்கொண்டே நடந்தோம். தாமரை ஐஸ் பெட்டி மூடியில் தாளம் அடித்தாள். நான் தாண்டும்போதெல்லாம், “சாரு மறுபடியும் ரூவிக்கே போயிட்டாரு” என்றார் கிளிட்டஸ். வண்டி நிறுத்த வந்த ஒரு குடும்பம், கட்டம் போட்ட பாவாடை அணிந்த மூன்று ஆண்கள் வெறுங்காலுடன் காலுறையைக் குறிவைத்து நடப்பதை இறங்காமலே பார்த்துக்கொண்டிருந்தது. நான் தாண்டாமல் நடக்கத் தொடங்கிய பிறகே பைப்புகளை எடுக்க அனுமதித்தார். வாசித்தபடி நடந்தோம். கால் காலுறையில் பட்டபோது விரலும் அங்கேயே இருந்தது.

கிளிட்டஸ் செயலாளரிடம் போகவில்லை. எல்லாக் குழுக்களும் வட்டங்களாக நின்று சுருதி சேர்க்கும் இடத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார். அணிக்கு முன்னே கோலேந்தி நடத்திச் செல்பவர் அங்கே இருந்தார்: அபுதாபியில் நர்ஸாக வேலை பார்த்த, உயரமான ஸ்காட்லாந்துப் பெண்.

“மேடம், காலைல ரெண்டு அடி விட்டவங்க நாங்க” என்று கிளிட்டஸ் தன் ஆங்கிலத்தில் சொன்னார். “இப்ப அது கெடச்சிட்டு. நீங்க ஒருக்கா கேக்கணும்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இரண்டாம் பகுதி. நிறுத்தாமல் மூன்று தடவை” என்றார்.

தண்ணீர் மட்டம் அசையாத மூச்சில் கிளிட்டஸ் பையை நிரப்பினார். மூவரும் ஒரே நேரத்தில் பையைத் தட்டினோம், ஒத்துகள் எழுந்தன. மூன்று தடவை வாசித்தோம். பக்கத்து வட்டத்தில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் வேகமாக வந்தார்.

“இவர்கள் பட்டியலில் இல்லை” என்றார்.

“பட்டியல் நடக்கப் போவதில்லை, இவர்கள் நடக்கப் போகிறார்கள்” என்றார் அந்தப் பெண். பிறகு எங்களிடம், “மூன்றாம் வரிசை. மேளம் பின்னால்.”

மாலை ஐந்து மணிக்கு மேல் அணி புறப்பட்டது. எத்தனை பைப்புகள் என்று நான் எண்ணவில்லை. தொடக்க மேளம் முழங்கியதும் ஒத்துகள் ஒரே நேரத்தில் எழுந்தன. அந்த ஒலி காதில் நுழையவில்லை, நெஞ்செலும்பில் நுழைந்தது. என் பைப்பின் ஒலியை என்னால் தனியாகக் கேட்க முடியவில்லை. கிளிட்டஸ் எனக்கு இடப்புறம் நடந்தார். கன்னங்கள் புடைத்திருந்தன, கண்கள் நேராக இருந்தன. முட்டத்துப் பெருநாள் ஊர்வலத்தில் கொடி பிடித்து நடப்பவரைப் போல நிமிர்ந்து நடந்தார்.

மைதானத்தின் மறுகோடியில் அணி திரும்ப வேண்டும். முதல் வரிசை திரும்பி, பின்னால் வரும் வரிசைகளுக்கிடையே புகுந்து எதிராக நடந்து வரும், பிறகு இரண்டாவது, அதன்பின் நாங்கள். முதல் வரிசையில் செயலாளர் இருந்தார். அவர் திரும்பி, கிளிட்டஸின் தோளை உரசும் தூரத்தில் எதிரே வந்தார். இருவர் வாயிலும் ஊதுகுழல். யாரும் எதுவும் சொல்ல இயலாது. பாட்டு இரண்டாம் பகுதியில் இருந்தது. செயலாளரின் பார்வை தாழ்ந்து கிளிட்டஸின் விரல்களில் நின்றது. நான்காம் அடி முடிந்தது. ஐந்தாவது வந்தது. ஆறாவதும் வந்தது. செயலாளர் பார்வையை உயர்த்தி, வாசித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனார்.

அடுத்து எங்கள் வரிசையின் முறை. கிளிட்டஸ் இடக்காலை ஊன்றித் திரும்பினார், நாங்களும் திரும்பினோம்.