பகல் தூக்கம்

"இந்தா, முழுங்கு. வாயில வச்சிக்கினு தூங்காத." அமிர்தம் புருஷனின் தாடையைத் தட்டினாள். பாவாடை கண் திறந்தார், இரண்டு முறை மென்றார், மறுபடி தலை தொங்கிவிட்டது. சித்தாள் வேலைக்குக் கிளம்பும் நேரம் தாண்டியாயிற்று. மேஸ்திரி கத்துவார். கத்தட்டும்.

கருணாபுரத்தில் அவளைப் போல வாயாடி கிடையாது. கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே மேஸ்திரியை நக்கலடிப்பாள். இந்த ஒரு மாதமாக அந்த வாய்க்குப் பூட்டு. மணிக்கொரு தரம் பக்கத்து வீட்டுச் செல்லியம்மாளுக்குப் போன் போடுவாள். "அவரு மூச்சு வுடுறாரா, கொஞ்சம் எட்டிப் பாரேன்க்கா."

பாவாடை போர்வெல் வண்டிக்காரர். காங்கோவில் காட்டோரம் கொட்டகை போட்டுத் தங்கி, இரண்டு வருஷம் போர் போட்டுவிட்டு வந்தவர். அந்த வேலைக்காரர்கள் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குவார்கள். அவர் பகலில் சாய்ந்தபோது பழைய பழக்கம்தானே என்று அமிர்தமும் கதவைச் சாத்தி, யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டாள். பாவி மகள், எழுப்ப வேண்டியவளே தாலாட்டாத குறையாகத் தூங்கவிட்டாள்! பிறகு நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. கள்ளச்சாராயத்தில் அத்தனை பேரைப் பறிகொடுத்த தெரு வேறென்ன நினைக்கும்? குடிதான் என்று முடிவு கட்டியது. "குடிய நிறுத்துற எடத்துல கொண்டுபோய் வுட்டுடலாம். சாயங்காலம் ஆட்டோவோட வரேன்" என்று அவருடைய அண்ணன் ராசு அன்று காலையில் சொல்லிவிட்டார்.

அன்று மதியம் தமிழ்வேந்தனிடமிருந்து போன். பாவாடையோடு அதே வண்டியில் வேலை பார்த்தவன். "அண்ணி, அங்க ஒரு ஈ கடிக்கும். அதுல தூக்க வியாதி வருதாம். எனக்கு வந்து, இப்ப மருந்து ஏத்திக்கினு இருக்காங்க. அண்ணனுக்குப் பின்கழுத்துல கட்டி இருக்குதா பாருங்க. அப்படியே வுட்டா உசுருக்கே ஆபத்தாம்."

சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தடவிப் பார்த்தாள். இருந்தது.

சாயங்காலம் ராசு வந்ததும் முதல் ஆளாக ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். "மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வுடுங்க மாமா. அப்பறம் எங்கனா இட்டுக்கினு போங்க."

தள்ளாடி வந்த பாவாடையைப் பார்த்ததும் டாக்டரம்மா முகம் சுளித்தார். "எவ்வளவு குடிச்சிருக்காரு?"

ராசு பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அமிர்தம் டாக்டரம்மாவின் கையை வெடுக்கென்று பிடித்து, அந்த விரல்களைப் புருஷனின் பின்கழுத்தில் வைத்து அழுத்தினாள்.