பொட்டு வைத்து வந்த வாக்காளர்

முப்பதுகளின் பிற்பகுதி, ஒரு மாசி மாதம். நாமக்கல்லுக்குக் கிழக்கே எருமப்பட்டி வட்டாரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்து மூன்று. அந்த வருஷம் மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. எங்கள் கிராமத் தொகுதியில் பெண்களுக்குத் தனி அறையில் ஓட்டுப்பதிவு. பட்டியலைப் பார்த்துப் பெயர் சரிபார்க்கப் படித்த பெண் ஒருத்தி வேண்டும் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் முன்பே வெள்ளைச் சேலையைத் துவைத்துக் கஞ்சி போட்டு மடித்து வைத்துவிட்டேன். வெள்ளைச் சேலை என்றதும் உங்களுக்குப் புரிந்திருக்கும். எட்டு வயதில் கல்யாணம், பத்து வயதில் எல்லாம் முடிந்தது. அப்பா ஊர் வாயைச் சட்டை செய்யாமல் சேலத்தில் படிக்க வைத்ததால் இந்த வேலையாவது கிடைத்தது. நல்ல காரியம் எதற்கும் யாரும் கூப்பிடாத என்னை, சர்க்கார் மேஜை நாற்காலி போட்டுக் கூப்பிடுகிறதே என்று அப்படி ஒரு பெருமை எனக்கு.

இப்போது போல வயது வந்த எல்லாருக்கும் அன்று ஓட்டுக் கிடையாது. நிலவரி கட்டுகிறவர்கள், அவர்களுடைய மனைவிமார், கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், இப்படிச் சிலருக்குத்தான். பட்டாளத்தில் இறந்துபோனவரின் விதவை பென்ஷன் வாங்கினால் அவருக்கும் உண்டு. வேட்பாளருக்கு ஒரு நிறம் என்று உள்ளே பெட்டிகள் வைத்திருந்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு மறைவுக்குப் போய், வேண்டிய நிறத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

பெரிய தொல்லை வேறொன்றில் இருந்தது. பட்டியலில் பெண்களை அடையாளம் காண்பதே கணவர் பெயரை வைத்துத்தான். எங்கள் பக்கத்துப் பெண்களோ உயிர் போனாலும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "பழனியில நிக்கறாருல்லங்க, அவரு பேருதானுங்க" என்றார் ஒருவர். அந்த முருகனுக்கு எத்தனை பெயர்! கந்தசாமியா, வேலுச்சாமியா, பழனிச்சாமியா என்று நான் அடுக்க, அவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். கடைசியில் நானே பெயரைப் படிப்பது, அவர்கள் தலையாட்டுவது என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். வேலை மளமளவென்று நடந்தது.

காலையிலேயே ஓர் ஆள்மாறாட்டத்தையும் பிடித்துவிட்டேன். மாமியார் பெயரில் ஓட்டுப் போட மருமகள் வந்திருந்தாள். பட்டியலில் வயது ஐம்பத்தைந்து, வந்தவளுக்கு இருபதுகூட இருக்காது. மிரட்டி அனுப்பினேன். வெளியே இருந்த தலைமை அதிகாரி எட்டிப் பார்த்து, "பலே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

உச்சிப்பொழுது நெருங்கும்போது அந்த அம்மா வந்தார். ஐந்து மைல் தள்ளி, கொல்லிமலை அடிவாரத்துப் பக்கம் முப்பது வீடு உள்ள ஒரு சிற்றூர்க்காரர். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அரக்குச் சேலை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலி, தலையில் ஒரு முழம் கனகாம்பரம். ஏதோ விசேஷத்துக்கு வந்தவர் போல முகமெல்லாம் பூரிப்பு. மேஜைக்கு வந்ததும் குனிந்து ரகசியமாகக் கேட்டார்:

"ஏனுங்க சாமி, எந்தப் பெட்டியில போட்டா எங்கூட்டுக்காரரப் பத்திக் கேட்டுச் சொல்லுவாங்க?"

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். ஓட்டுக் கேட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள், தங்கள் ஆள் ஜெயித்தால் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிச் சட்டசபையில் கேட்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். எந்த நிறம் என்பதுதான் வழியில் மறந்துவிட்டதாம். "பஸ்ராவுல இருக்காருங்க. போயிப் பத்தொம்பது வருசமாச்சு. சம்பளம் மட்டும் வந்துட்டிருக்குது, ஆளை உடமாட்டேங்கறாங்க" என்றார்.

பெட்டியைப் பற்றி நான் பேசக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டுப் பட்டியலைப் புரட்டினேன். கணவர் பெயரைப் படித்தேன். புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டுத் தலையாட்டினார். என் விரல் அடுத்த கட்டத்துக்குப் போனது. 'இறந்த சிப்பாயின் விதவை, பென்ஷன்' என்று இருந்தது.

நிமிர்ந்து அந்தப் பொட்டைப் பார்த்தேன். இங்கேதான் நான் யோசித்திருக்க வேண்டும். முதல் யுத்தத்தில் நம் சிப்பாய்கள் போய்ச் செத்த பஸ்ரா என்றாரே, சம்பளம் என்றாரே, அதை இதோடு சேர்த்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். காலையில் வாங்கிய 'பலே' என் கண்ணை மறைத்தது. இன்னொரு கள்ள ஓட்டு என்றே எடுத்துக்கொண்டேன். வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில், அறை முழுக்கக் கேட்கச் சொன்னேன்:

"ஆள் மாறி வந்தால் தண்டனை உண்டு, தெரியுமா? இந்தப் பெயருக்கு உரியவர் விதவை. அவர் வீட்டுக்காரர் பட்டாளத்திலேயே செத்துப்போனவர். நீங்கள் பொட்டும் பூவுமாக வந்து நிற்கிறீர்களே, யார் நீங்கள்?"

வரிசையில் அவருக்குப் பின்னால் அதே ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அய்யோ, சொல்லிப்போட்டாங்களே!" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர் ஆள்மாறி வந்தவர் இல்லை. இவரேதான் அந்த விதவை. இவருக்கு மட்டும் அது தெரியாது.

அந்த அம்மா அழவில்லை, சத்தம் போடவில்லை. பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "எந்த எடத்துலங்க எழுதியிருக்குது?" என்று கேட்டார். நான் காட்டினேன். படிக்கத் தெரியாது அவருக்கு. அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். "இத்தினிக்கூண்டா?" என்றார்.

பிறகு என்னைக் கேட்டார். "இந்தச் சீட்டை நான் வாங்குனா, அவரு இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரிங்களா சாமி?"

இல்லை அம்மா, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நீங்கள் போய்ப் போடுங்கள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். யார் வந்து என்னைக் கேட்டிருக்கப் போகிறார்கள்? ஆனால் அன்றைக்கு நான் தேர்தல் சட்டத்தைப் படித்துவிட்டு வந்தவள். விதவை என்பதால்தான் அவருக்கு ஓட்டு. "ஆமாம்" என்றேன்.

"அப்ப எனக்கு வேண்டாங்க. நீங்க அடுத்த ஆளைக் கூப்புடுங்க, பாவம், வெயில்ல நிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். எழுந்து ஓடி அந்தக் கையைப் பிடித்திருக்க வேண்டாமா? கூப்பிட்டேன், கூசாமல்.

பெட்டிகளுக்கு அரக்கு முத்திரை வைக்கும் நேரத்தில் அந்த அம்மாவின் கொழுந்தனார் என்னைத் தேடி வந்தார். நல்ல உழைப்பாளி என்று கையைப் பார்த்தாலே தெரியும். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவரோ குழந்தை மாதிரி அழுதார். அண்ணன் இறந்த கடுதாசி வந்தபோது அண்ணி ஏழு மாசம். பிள்ளை பிறக்கட்டும், அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அவருடைய அம்மா ஊரையே கட்டிப் போட்டாராம். பிள்ளை பிறந்து நாலாம் நாளே போய்விட்டது. ஒரே சமயத்தில் இரண்டு சாவைத் தாங்க மாட்டாள் என்று இன்னும் கொஞ்ச நாள் தள்ளினார்கள். அப்புறம் அவர் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்.

"ஆறு மாசம் கழிச்சுச் சொல்லலாம், வருசம் கழிச்சுச் சொல்லலாம்னு இருந்தமுங்க. தெனமும் காலையில பொட்டு வெச்சுட்டு வந்து நிக்கற ஆளுகிட்ட எப்படிங்க வாத்தியாரம்மா சொல்றது? பென்ஷன் வாங்கக் கஜானாவுல ரேகை வெக்கறப்பவும், அண்ணன் சம்பளத்துல பாதின்னே சொல்லிட்டனுங்க."

முப்பது வீட்டு ஊர். எத்தனை சண்டை வந்திருக்கும், எத்தனை வாய்த் தகராறு வந்திருக்கும்? கோபத்தில்கூட ஒரு ஆளும் அந்த வார்த்தையை விடவில்லை. பத்தொன்பது வருஷம் அத்தனை பேர் கட்டிக் காத்ததை நான் ஒரு மூச்சில் உடைத்துவிட்டேன். தலைமை அதிகாரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வருத்தப்படாதீர்கள், சட்டப்படி நீங்கள் செய்தது சரிதான்" என்று தேற்றினார். அது என்னை இன்னும் நோகடித்தது.

இரண்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்திரை விடுமுறையில் ஒரு நாள் துணிந்து அந்த ஊருக்கு நடந்தே போனேன். வீட்டில் இல்லை, காட்டில் பருத்தி எடுக்கிறார் என்றார்கள். கூலிக்கு. வழிகாட்ட வந்த கொழுந்தனார், தேர்தலுக்குப் பிறகு அண்ணி கஜானாவுக்கு வருவதே இல்லை என்றார். வண்டி பூட்டி நிறுத்தினாலும் ஏறுவதில்லையாம். தன் வீட்டில் வந்து இருக்கச் சொன்னாலும் கேட்பதில்லையாம்.

வெயிலில் நின்று பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் அதே பொட்டு, வேர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது. என்னைக் கண்டதும் மடியில் இருந்த பருத்தியைக் கொட்டிவிட்டு வந்து, வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, தூக்குப் போசியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். அவருடைய மத்தியானச் சாப்பாடே அதுதான் என்று குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ஆனால் "பென்ஷனையாவது வாங்குங்கள், அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"சம்பளம்னு நெனைச்சு வாங்குனனுங்க. இப்ப அது என்ன காசுன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுக்கிட்டே எப்படிங்க கை நீட்டறது?" என்றார். குரலில் கோபம் இல்லை. "உங்க மேல குத்தமில்லீங்க. எழுதுனதப் படிச்சீங்க. காயிதம் வேணா சொல்லட்டும். நான் ஒத்துக்கலீங்க."

பிறகு என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். என் நெற்றியையும் பார்த்தார். "உங்களுக்கு யாரு சாமி வந்து சொன்னாங்க?" என்று கேட்டார்.

அதுவரை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "யாரும் சொல்லவில்லை. பாண்டி விளையாடிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு உட்கார வைத்து வளையலை உடைத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது" என்றேன். முகம்கூட நினைவில்லாத ஒருவருக்காக என்னை வெள்ளை உடுத்த வைத்தார்களே என்று அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். தேற்ற வேண்டியவள் நான். அந்த அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "அழுங்க சாமி, அழுங்க" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு ஜலகண்டாபுரம் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டேன். இரண்டாவது யுத்தம் முடிந்து அடுத்த தேர்தல் வந்தபோது, திரும்பவும் எருமப்பட்டிப் பக்கமே மாற்றலாகி வந்திருந்ததால், பழைய அறையில் பழைய வேலைக்கே கூப்பிட்டார்கள். முதல் காரியமாகப் பட்டியலில் அந்த ஊர்ப் பக்கத்தைப் புரட்டினேன். அந்த அம்மா பெயர் இல்லை. இறந்துவிட்டாரோ என்று பதறிக் குமாஸ்தாவைக் கேட்டேன். "ஆள் இருக்குதுங்க. பென்ஷன் வாங்கறதில்லை, அதனால பேரை எடுத்தாச்சு" என்றார். அவர் ஊர்ப் பெண்களிடம் விசாரித்தேன். இன்னும் கூலிக்குத்தான் போகிறார், இன்னும் பொட்டு வைத்துக்கொண்டுதான் போகிறார் என்றார்கள்.

எங்கள் தொகுதியில் எந்தத் தேர்தலில் எந்த நிறப் பெட்டி ஜெயித்தது என்று கேட்டால் இன்றைக்கும் தப்பில்லாமல் சொல்வேன். ஆனால் தேர்தல் என்ற பேச்சை யார் எடுத்தாலும் எனக்கு நினைவுக்கு வருவது, கணவன் எங்கேயோ உயிரோடு இருக்கட்டும் என்பதற்காகத் தன் ஓட்டையும் சோற்றையும் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போன அந்த அம்மாவும், கள்ள ஓட்டைப் பிடித்துவிட்டேன் என்ற பெருமையோடு அவர் முகத்தில் இருந்த பூரிப்பை ஒரு தரம்கூட எண்ணிப் பார்க்காமல் வாய் திறந்த நானும்தான்.