கிண்ணத்துக்குள் ஆடும் அலை

தட்டைத் தூக்கும் முன் புரொபசர் சூப் கிண்ணத்தின் விளிம்பை நகத்தால் ஒரு தடவை சுண்டுவான். மேலே குட்டி வட்டங்கள் எழுந்து, கரை தொட்டுத் திரும்பி, நடுவில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அடங்கும். அடங்கிய பிறகுதான் முதல் அடி. பின்னால் காத்திருக்கும் சர்வர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

புரொபசர் என்பது அந்த உணவகம் வைத்த பட்டப்பெயர். இயற்பியல் படித்துவிட்டு சூப் பரிமாற வந்தவனை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? அந்தப் பரிமாறலாவது வந்ததா என்றால், அதுவும் இல்லை. சேர்ந்த சில நாளிலேயே இரண்டு பேர் மடியில் தக்காளி சூப் இறங்கிவிட்டது.

"இன்னொரு சட்டையில ஒரு சொட்டு பட்டுச்சு, ஏப்ரனைக் கழட்டி வச்சுட்டுக் கிளம்பிடு தம்பி" என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

வேலை போனால் அக்கா முகத்தில் விழிக்க முடியாது. ஆள் பிடித்துச் சேர்த்துவிட்டதே அவள்தான். சாப்பாடும் படுக்கையும்கூட அவள் வீட்டில்தான்.

விடுமுறை நாளில் அக்காவின் சமையலறையில், தண்ணீர்க் கிண்ணத்தோடு குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்த்தான். விஷயம் பிடிபட்டது. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகுமல்லவா? அவனுடைய ஒவ்வொரு அடியும் தண்ணீரை அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தது. தாளத்தை உடைக்க வேண்டும். இரண்டு குட்டி அடி, ஒரு நீள எட்டு, பிறகு அரை அடி. சட்டென்று நிற்கவும் கூடாது; கிண்ணம் நின்றாலும் தண்ணீர் தன் பாட்டுக்குப் போகும்.

"என்னடா, கால்ல முள்ளு குத்திருச்சா?"

"தாளத்தை உடைக்கிறேன்க்கா."

"கிண்ணத்தை உடைச்சிராத. செட்ல மிச்சம் அது ஒண்ணுதான்."

மறுநாள் அந்த நடையோடு உணவகத்தில் இறங்கினான். "வாத்து வருதுடா, வழி விடுங்க!" என்று சமையல்காரர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு கத்தினார். மேசைக்கடியிலிருந்து ஒரு குழந்தை வெளியே வந்து அதே மாதிரி நடந்து காட்டியது. காது சுட்டது. ஆனால் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் இல்லை. மேலாளர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

புரொபசருக்குத் தலைகால் புரியவில்லை. வேலை நிலைத்த தெம்பில், சர்வர்களை நிறுத்திவைத்து ஒத்ததிர்வைப் பற்றி வகுப்பே எடுத்தான். சமையல்காரர் மட்டும் அடிக்கடி "அப்படியா புரொபசர்?" என்று கேட்டார். கேட்கத் தெரிந்த மாணவர் இவர் ஒருவர்தான் என்று அவனுக்குப் பெருமை.

அவர் வேறு ஊருக்கு மாறிப்போய், புதியவர் வந்தார். முதல் நாளே கிண்ணம் தளும்பத் தளும்ப ஊற்றினார்.

"என்னண்ணே, இவ்ளோ ஊத்திட்டீங்க?"

"அடடா, மறந்துட்டேன் தம்பி. மத்தவங்களுக்கு இதே அளவுதான். உனக்கு மட்டும் ரெண்டு விரல் குறைச்சு ஊத்தச் சொல்லிட்டுப் போனாரு, எனக்கு முன்னாடி இருந்தவரு. நீ வாத்து மாதிரி நடக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அப்படித்தானாம். பாக்கப் பாவமா இருந்துச்சாம்."