முதலில் சொன்னவள்

சாலைக் கடைத்தெருவில் அப்பா புது வீட்டு அஸ்திவாரத்துக்குக் கம்பி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் போன் வந்தது. ஆதிமனிதர்கள் குடியிருந்த இடங்களைத் தேடும் நம் கள ஆய்வுக் குழுவின் எஸ்தர் அக்கா, காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்றார்கள். அழுகை வரவில்லை. வாங்கிய மனையில் வீடு வேண்டாமென்று இனி அப்பாவிடம் யார் சொல்வார்கள் என்ற பயம்தான் முதலில் வந்தது. அக்காவோடு வேலை செய்த உங்களிடம் இதை மறைக்க விரும்பவில்லை.

அக்கா பயந்த சுபாவம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நாய்க்குப் பயம், பாலத்துக்குப் பயம், இடிக்குப் பயம். நெய்யாற்றின் ஓரத்துச் சமதளத்தில் ஒருநாள் நாம் பொதிச்சோற்றைப் பிரித்தபோது அக்கா மட்டும் உட்காரவில்லை. “எனக்கு இங்க இருக்கப் பயமா இருக்கு, கேட்டியா” என்று செம்புரைக்கல் மேட்டில் ஏறிவிட்டார். “அக்காவுக்குப் பயம் வந்தாச்சு, பொதிய எடுங்கடே” என்று ஜீப் ஓட்டும் அண்ணன் கேலி செய்தார். அந்த மேட்டில், அக்கா நின்ற இடத்தில்தான் முதல் கற்சில்லு கிடைத்தது. மனிதக் கை உடைத்துக் கூராக்கிய வெள்ளைக் கல்.

மறுநாள் கீழே சமதளத்தில், அடிமண்ணைத் துளைத்தெடுக்கும் திருகுக்கம்பியை இறக்கினோம். மேலே வெறும் ஆற்று மணல். அதற்கும் கீழே அடுப்புக்கரியும் அதே வெள்ளைச் சில்லும். மழை குறைந்த காலத்தில் தண்ணீரை ஒட்டி இருந்தவர்கள், மழை பெருத்தபோது மேட்டுக்கு ஏறியிருக்க வேண்டும் என்று நான் குறிப்பு எழுதினேன். அக்கா அதை இரண்டு முறை வாசித்தார்.

“எல்லாரும் ஒண்ணா ஏறியிருக்க மாட்டாங்க மக்ளே. போயிருவோம்னு முதல்ல ஒருத்தி சொல்லியிருப்பா. மத்தவங்க சிரிச்சிருப்பாங்க” என்றார் பிறகு.

தனக்குப் பயம் தோன்றிய இடத்தின் மண்பையில், சீட்டின் மூலையில், அக்கா ‘ப’ என்று எழுதுவார். அறிக்கையில் அது வராது.

என் அப்பா ஆரியசாலையில் தானியக் கடையில் மூட்டை தைப்பவர். வாடகை அறையிலேயே எங்களை வளர்த்து, என்னைப் படிக்க வைத்து, கடைசியில் நகரத்துக்கு வெளியே ஒரு மனை வாங்கினார். வயலை மண் போட்டு நிரப்பிய மனை. முதல்முறை பார்த்தபோதே மழையில் அங்கே தண்ணீர் ஏறும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அப்பா வாங்கியதைக் குறை சொல்ல நாக்கு எழவில்லை.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் திருகுக்கம்பியோடு வந்தார். ஒரு கை ஆழம் வரை செம்மண். பிறகு சாம்பல் நிறச் சேறு, ஈரத்தோடு, நத்தை ஓடுகளோடு. அக்கா ஓரடி பின்னால் போனார். பையில் சேற்றை இட்டுச் சீட்டு எழுதி என்னிடம் தந்தார். “அடுத்த ஞாயிறு நானே வந்து அப்பாட்ட சொல்லுதேன். நீ ஒண்ணும் பேசாண்டாம்” என்றார்.

அடுத்த ஞாயிறு அவரை அடக்கம் செய்தோம்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்ததும் அந்தப் பையை அப்பாவின் முன்னால் வைத்தேன். “அங்க வேண்டாம்ப்பா. வெள்ளம் ஏறும். எனக்குப் பயமா இருக்கு.”

அப்பா சிரித்தார். “பயந்தா வீடு வைக்க முடியுமோ, மோளே?”

நான் அங்கிருந்து நகரவில்லை. சிறிது நேரம் கழித்து அவர் பையை எடுத்துப் பெருவிரலால் அழுத்தினார். சேறு குழிந்தது. குழியில் மெல்ல நீர் ஊறியது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இடவப்பாதி மழை கழியட்டும். பிறகு பாப்போம்” என்றார்.

அந்தத் தென்மேற்குப் பருவமழை இன்னும் தொடங்கவில்லை. இந்த ஆண்டு அது குறைந்துபோனால் அப்பா மீண்டும் கம்பி பார்க்கப் போவார். நான் மீண்டும் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மண்பை மட்டும்தான். சீட்டின் மூலையில் அவர் எழுதிய ‘ப’ இருக்கிறது. அதன் கீழே நானும் ஒன்று எழுதியிருக்கிறேன்.