பூ வேண்டாமென்ற இரண்டு பாட்டு

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேரை. நான் பெற்றது நான்கு, ஐந்தாவது என் நாத்தனார் விட்டுப்போன பெண். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மூத்த மகனின் மகள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள்.

இவளைத்தான் ஜெயங்கொண்டத்திலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பையனுக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. எல்லோருக்கும் பிடித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருவதாகப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் எங்களுக்குப் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அந்த வாரம் பார்த்து அவன் இவளுக்குப் போனில் ஒரு கவிதை அனுப்பிவிட்டான். இவள் படித்துக் காட்டினாள்:

ரோஜாப் பூவோடு வரமாட்டேன்.
நிலாவே என்று அழைக்கமாட்டேன்.
உனக்காக உயிரை விடுவேன் என்று
ஒருநாளும் சொல்லமாட்டேன்.

என் மருமகள், இவளுடைய அம்மா, தலையில் கை வைத்துக்கொண்டாள். "பூ வைக்கிற வாரத்துல பூவோட வரமாட்டேன்னு எழுதுவானா ஒருத்தன்? சிமெண்டுல வேல பாத்தா நெஞ்சும் இறுகிப் போயிடுமா?"

பேத்தி சிரிக்கவில்லை. "என்னப் புடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாம் அப்பத்தா. ஞாயித்துக்கெழம வர வேணாம்னு அப்பாவச் சொல்லச் சொல்லு."

"இன்னொரு தடவ படி," என்றேன். படித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கேயோ கேட்டது போலிருந்தது. யோசித்துப் பார்த்தால், நான் கட்டிய பாட்டு அல்லவா அது!

அந்தக் காலத்தில் பெரம்பலூர்க் கரிசல் காட்டில் சின்ன வெங்காயம் பிடுங்கியதும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தாள் என்கிற மேல்தண்டை அறுப்போம்; கையெல்லாம் சாறு பிசுபிசுத்துக் காந்தும். புருஷனிடம் என்ன கேட்பாய் என்று ஆளுக்கு ஒரு பாட்டுக் கட்ட வேண்டும். ஒருத்தி கொலுசு கேட்பாள், ஒருத்தி திருச்சியில் சினிமா கேட்பாள். என் முறை வந்தபோது நான் பாடியது இது:

மல்லியப்பூ வாங்காத மச்சான் – அது
மறுநாளே வாடிப்போகும்
பட்டுச்சேல வாங்காத மச்சான் – அது
பொட்டியில தூங்கிப்போகும்
வெங்காயத் தாளறுத்த கையி – இதுக்கு
வெந்நி வச்சுத் தந்தாப் போதும்.

கொழுந்தி முறையுள்ள ஒருத்தி இதை அப்படியே கொண்டுபோய் என் வீட்டுக்காரரிடம் சேர்த்தாள். "என்ன மாமா, அக்காவுக்கு வெந்நிகூடக் கெடையாதாமே?"

மறுநாள் காட்டிலிருந்து வந்து பார்க்கிறேன், மனிதர் கொல்லையில் அடுப்பு மூட்டிக் குண்டானில் தண்ணீர் தளதளக்க நிற்கிறார். "ஆம்பள அடுப்பூதுற வூடு இது ஒண்ணுதான்," என்று மாமியார் தெருவுக்கே கேட்கச் சொன்னார். நான் கையை வைத்து வெடுக்கென்று இழுத்தேன். "கோழி உரிக்கவா கொதிக்க வச்சீங்க?" அவர் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினார். "இப்ப வையி," என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு வெங்காயம் பிடுங்கும் நாளிலெல்லாம் கொல்லையில் வெந்நீர் இருந்தது. ஒரு முழம் பூ வாங்கித் தந்ததாக நினைவில்லை. ஆனால் அந்த வெந்நீரில் கை நனைகிறபோது எனக்கு மனசு நிறைந்துபோகும். இன்றைக்கும் அந்த மனிதருக்கு நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன்.

பேத்தியிடம் பாடிக் காட்டினேன். "ரெண்டு பாட்டும் பூ வேணாங்குதுடி. ஆனா என் பாட்டுல வேணாங்கிறவ, வாங்கிக்கிறவ. அவன் பாட்டுல மாட்டேங்கிறவன், குடுக்கவேண்டியவன். அவன் மாட்டேன்னா, பின்ன என்னதான் தருவேன்னு சொல்லணும்ல? என் பாட்டுக்குக் கடைசி அடி இருக்கு. அவனுதுல அதக் காணும். போன் போட்டுக் கேளு."

"நீயே கேளு."

"கட்டிக்கப்போறது நானா?"

கேட்டாள். எனக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டுதான் பேசினாள். "அந்தக் கவிதைக்கு அப்புறம் ஒண்ணும் இல்லீங்களா?"

"இருந்துச்சுங்க. கவித மாதிரி இல்லேன்னு எடுத்துட்டேன்."

"சொல்லுங்க."

"ஆலைத் தூசி படிந்த என் சட்டையை நானே துவைப்பேன்... இதாங்க. தொவச்சுத் தொவச்சு எங்கம்மாவுக்குக் கையெல்லாம் வெடிச்சுப்போச்சு. உங்களுக்கு அது வேணாம்னு."

கேட்டுக்கொண்டிருந்த மருமகள் முந்திக்கொண்டாள். "அதுதான்டி கவித! அத உங்கப்பாவுக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லு."

எது உசத்தி என்றால், என் பாட்டுதான். ராகம் உண்டு, எதுகை உண்டு. அதில் அவன் கிட்டேகூட வர முடியாது. ஆனால் நான் என் வீட்டுக்காரர் காதில் விழாத இடத்தில் பாடினேன். கொண்டுபோய்ச் சேர்க்க இன்னொருத்தி வேண்டியிருந்தது. அவன் சொல்ல வேண்டியவளிடமே சொல்லிவிட்டான். அதில் அவன் ஒரு படி மேல். இப்படி லேசில் ஒப்புக்கொள்கிறவள் இல்லை நான்.

"ஞாயித்துக்கெழம வாங்க," என்றாள் பேத்தி. போனை வைக்குமுன், "அன்னிக்கு மட்டும் பூவோட வந்துடுங்க, எங்கம்மா பயப்படுறாங்க," என்றாள்.

எழுதினது போதும் கண்ணு. மொதல்லேருந்து படி, கேக்கறேன். உங்கம்மா சொன்னத வுட்டுடாம படி.