நடு வாவியில் இஞ்சினை நிறுத்துகிறவர்

அந்தப் படகோட்டியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரந்தான் வருகிறது. வாவியைக் கடந்து படுவான்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிற நான் அவருடைய படகைத்தான் நம்பியிருந்தேன். ஏழரைக்கு முதல் கையெழுத்துப் போடாவிட்டால் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

வெயிலில் கறுத்து வற்றிய உடம்பு, நிறம் போன தொப்பி. யாராவது அவரோடு கதைக்க வாயெடுத்தால் போதும், நடு வாவியில் இஞ்சினை நிறுத்திவிடுவார். இஞ்சின் இரைச்சலுக்குள் காதில் விழாததற்குச் சும்மா தலையாட்டிக்கொண்டு போக அவருக்கு மனம் வராது.

ஒருநாள் மீன் விற்கிற பெண் ஒருத்தி, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகள் இரண்டு கிழமையாகப் போன் எடுக்கவில்லை என்று சொல்லத் தொடங்கினாள். இஞ்சின் நின்றது. அவள் சொல்லி முடிக்கும்வரை படகு சும்மா மிதந்தது. பிறகுதான் இஞ்சினை இழுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இரைச்சலுக்கு மேலால் கத்தினேன்.

"ஊர்க்கதை கேக்கிற இடமா இது? எங்கட நேரத்தைப் பத்தி ஒருநாளாவது யோசிச்சீங்களா?"

இஞ்சின் மறுபடி நின்றது. எழுந்து வந்து எனக்கு முன்னால் குந்தினார்.

"இப்ப சொல்லுங்க சேர். சத்தத்துக்குள்ள வடிவாக் கேக்கல்ல."

அந்தப் பெண்ணும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டுமில்ல, போங்க" என்றேன்.

"இல்ல சேர், ஏதோ சொன்னீங்க" என்று அவர் காத்திருந்தார்.

அன்றைக்குச் சிவப்புக் கோடு விழுந்தது. அதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் கத்திச் சொன்னதை அந்த அமைதியில் ஏன் திருப்பிச் சொல்ல முடியாமல் போனது என்று இன்னும் யோசிக்கிறேன்.