இரண்டு வருடப் படிப்பு

பொய் சொன்னேன். ஒரே மாதத்தில் கற்றுக்கொடுத்திருக்கக் கூடிய ஒன்றை இரண்டு வருடப் படிப்பு என்று என் தங்கையின் கணவனிடம் சொன்னேன். தெரிந்தே சொன்னேன்.

இதென்ன பெரிய பாவமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நானும் இத்தனை காலம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். பெங்களூரில் புதிது புதிதாகப் பட்டறைகள் முளைத்தன. அவற்றில் ஒன்றில் ஆட்களைச் சோதித்து வேலைக்கு எடுக்கும் பொறுப்பு எனக்கு. நான் இதே பெங்களூரின் ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். ஆனால் மதராஸில் இரண்டு வருடம் தொழிற்பள்ளியில் படித்து வந்ததால் பட்டறையில் எனக்கு 'மதராஸ்காரர்' என்று பெயர். அதை நான் ஒருநாளும் திருத்தியதில்லை... எதற்குத் திருத்த வேண்டும்? என் நாற்காலியே அந்தப் பெயரின் மேல்தானே நின்றது!

மதராஸ், மதராஸ், மதராஸ்! கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பட்டறையை நடத்திய வெள்ளைக்காரத் துரை வாயைத் திறந்தால் மதராஸ். வேலை கேட்டு வந்து நிற்பவனிடம் முதல் கேள்வியே, மதராஸில் படித்தாயா?

எங்கள் ஊர் ஃபிட்டர்கள் மாதிரித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தால் அதைப் போலவே இரும்பை அரத்தால் ராவித் தந்துவிடுவார்கள். அப்படியே பழகியவர்கள். தாளில் வரைந்து நீட்டினால்தான் விழிப்பார்கள். நீலத்தாளில் வெள்ளைக் கோடுகள்... பட்டறையில் அதற்கு டிராயிங் என்று பெயர். மதராஸில் அதைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளி இருந்தது. இங்கே இவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் ஏதோ மூளையிலேயே குறை இருப்பதுபோலப் பேசினார்கள். நானும் பேசினேன்.

என் தங்கை லூர்துவின் கணவன் அந்தோணி தொம்மலூரில் இருந்தான். அவனும் ஃபிட்டர். எங்கள் பட்டறையில் டிராயிங் வைத்துத்தான் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சோதனைக்கு ஒரு மாதத்துக்கும் மேல் இருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், அந்த டிராயிங் பாக்கறதக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன். தெனம் வேல முடிஞ்சு சாயந்தரம் வரேன்."

பீடி பற்றவைத்த தீப்பெட்டி அவன் கையிலேயே இருந்தது. அது ஒன்று போதும்! மேலிருந்து பார்த்தால் ஒரு கட்டம், முன்னிருந்து பார்த்தால் ஒரு கட்டம், பக்கத்திலிருந்து ஒரு கட்டம். மூன்றையும் தாளில் போட்டால் டிராயிங். அங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.

"அது ரெண்டு வருஷப் படிப்பு மாப்ளே. சாயந்தரம் வந்து கத்துக்கற சமாச்சாரமா அது?" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தொம்மலூரிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவன் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டால் என் இரண்டு வருட மதராஸுக்கு என்ன மரியாதை? அவ்வளவுதான் காரணம். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது அகப்படாதா என்று தேடித் தேடிப் பார்த்து எனக்கே எரிச்சல் வந்துவிட்டது. இல்லை... ஒன்றும் இல்லை.

சோதனையன்று டிராயிங்கை அவனிடம் நீட்டியவனும் நான்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். உங்கள் ஊர் ஆட்களுக்கு இது வரவே வராதா என்று துரை சலித்துக்கொண்டார். வராது என்று நான் தலையாட்டினேன்.

அந்தோணி குடும்பத்தோடு கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சுரங்கத்தில் இறங்கினான்.

கூத்தைக் கேளுங்கள். மதராஸ் ஆட்கள் போதவில்லை. வந்தவர்களிலும் பலர் குடியிருக்க வீடு கிடைக்காமல் திரும்பிவிட்டார்கள். துரை பொறுமையிழந்து, உள்ளூர் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையை என் தலையிலேயே கட்டினார். மேசைமேல் ஒரு தீப்பெட்டியை வைத்துத் தொடங்கினேன். ஒரு மாதம் முடிவதற்குள் அத்தனை பேரும் டிராயிங் பார்த்து வேலை செய்தார்கள். துரை என் கையைக் குலுக்கினார்!

கிறிஸ்துமஸுக்கு அந்தோணி லூர்துவோடு என் வீட்டுக்கு இருமிக்கொண்டே வந்தான்.

"ஒரே மாசத்துல கத்துக்கிட்டாங்களாமே மச்சான்? நீங்க ரெண்டு வருஷம்னு சொன்னீங்களே... சும்னே கேட்டேன், தப்பா நெனைக்காதீங்க."

பலகாரத் தட்டோடு வந்த லூர்து அப்படியே நின்றுவிட்டாள். உண்மை வாய்வரைக்கும் வந்தது...

"அவங்கல்லாம் நாலெழுத்து படிச்சவங்க மாப்ளே" என்றேன்.

"அதானே. நமக்கு எங்க ஏறப்போவுது" என்றான். அவன் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை என்னால் இன்றுவரை சகிக்க முடியவில்லை.

போர் முடிந்துவிட்டது. துரை கப்பலேறிவிட்டார். அந்தோணி மூச்சிரைப்போடு தங்கவயலில் கட்டிலில் கிடக்கிறான். போன வாரம் போய்ப் பார்த்தேன். மூத்த மகனை என்னோடு அனுப்பு, பெங்களூரிலேயே தொழிற்பள்ளியில் சேர்க்கிறேன் என்று கேட்டேன்.

"வேணாம் மச்சான். நம்ம ரத்தத்துக்கு அது வராது. நீங்கதானே அன்னிக்கே எடுத்துச் சொன்னீங்க. வர்ற திங்கக்கிழம சுரங்கத்துல சேந்துடுவான்" என்றான். குரலில் நன்றி இருந்தது! லூர்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. விடிந்தால் பையன் சுரங்கத்தில் சேர்ந்துவிடுவான். என் வீட்டிலிருந்து ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். தங்கவயலுக்குப் போகும் கடைசி வண்டி இன்னும் கிளம்பவில்லை. ஒரே ஒரு வாக்கியத்தைப் போய்ச் சொன்னால் போதும்... நானோ இங்கே உட்கார்ந்து உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.